நம் தேடலின் வாசலைத் தேர்ந்தெடுத்தவர் யார்?



நம் இல்லங்களுக்குப் புதிய கைப்பேசி ஒன்று வரும்போது எத்தனையோ விஷயங்களை ஆராய்கிறோம். விலை என்ன, கேமரா எப்படி, பேட்டரி எத்தனை மணி நேரம் நிற்கும் என்று கேட்கிறோம். தவணையில் வாங்கினால் வட்டி சேருமா என்பதையும் பேணுதலுள்ள குடும்பங்கள் விசாரித்துக்கொள்கின்றன. ஆனால் ஒன்றை மட்டும் எவரும் கேட்பதில்லை. இனி ஆண்டுக்கணக்கில் இந்த வீட்டாரின் கேள்விகள் அனைத்தும் எந்தத் தேடுபொறியின் வழியே செல்லப்போகின்றன? அதைத் தேர்ந்தெடுத்தவர் யார்? நாமா, வேறு எவருமா?

இது அற்பமான கேள்வியன்று. அறிவைத் தேடுவதைக் கடமையாகக் கருதும் சமுதாயம் நம்முடையது. அப்படிப்பட்ட நாம், அன்றாடம் பத்து முறையாவது நுழைகின்ற ஒரு வாசலைப் பற்றி ஒரு முறையும் சிந்திக்காமல் இருப்பது பொருத்தமானதா என்பதை இக்கட்டுரையில் சற்று ஆராய்வோம்.

முன்னமைவு என்பது என்ன?

ஒரு கருவி நம் கைக்கு வரும்போது அதில் ஏற்கெனவே செய்து வைக்கப்பட்டிருக்கும் ஏற்பாட்டை முன்னமைவு என்பர். பேச்சு வழக்கில் 'டீஃபால்ட்' என்கிறோம். ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் பெரும்பாலும் கூகுள் முன்னமைவாக இருக்கிறது. ஐபோனின் சஃபாரி உலாவியிலும் கூகுள்தான். விண்டோஸ் கணினியின் எட்ஜ் உலாவியில் மைக்ரோசாஃப்டின் பிங் இருக்கிறது. இவற்றுள் எதையும் நாம் கேட்டுப் பெறவில்லை. எனினும் எதையும் நாம் மாற்றுவதும் இல்லை.

மாற்ற முடியாது என்பதால் இவ்வாறு இருக்கிறோமா என்றால், அப்படியும் இல்லை. அமைப்புகள் பகுதிக்குள் சென்றால் சில நொடிகளில் மாற்றிவிடலாம். கட்டணம் எதுவும் கிடையாது. இருந்தும் உலகெங்கும் கோடிக்கணக்கானோர் கொடுத்ததையே வைத்துக்கொள்கின்றனர். இந்தச் சிறிய தயக்கத்தின் சந்தை மதிப்பு எவ்வளவு என்பதை அமெரிக்க நீதிமன்றம் ஒன்றில் வெளியான கணக்கு காட்டுகிறது.

அமெரிக்க நீதித்துறை 2020 அக்டோபரில் கூகுளுக்கு எதிராக வழக்குத் தொடுத்தது. அதன் விசாரணையில், உலாவிகளிலும் கைப்பேசிகளிலும் தன்னை முன்னமைவாக வைப்பதற்காக கூகுள் 2021ஆம் ஆண்டில் மட்டும் 2,630 கோடி டாலர் கொடுத்தது தெரியவந்தது. இந்திய மதிப்பில் அது ஏறத்தாழ இரண்டு இலட்சம் கோடி ரூபாய். 2022ஆம் ஆண்டில் ஆப்பிள் நிறுவனத்திற்கு மட்டும் சென்ற தொகை சுமார் 2,000 கோடி டாலர். 2024 ஆகஸ்ட் 5 அன்று நீதிபதி அமித் மேத்தா, பொதுத் தேடலில் கூகுள் ஏகபோகம் உடைய நிறுவனம் என்றும், அதனைச் சட்டத்திற்கு முரணான வழியில் காத்து வந்துள்ளது என்றும் தீர்ப்பளித்தார்.

மக்கள் எளிதில் மாறிவிடுவார்கள் என்றால் இவ்வளவு பெரிய தொகையை எந்த வணிகர் கொடுப்பார்? நம் ஊர்க் கடைத்தெருவில் முதல் கடைக்கு வாடகை அதிகம் என்பதை நாம் அறிவோம். அடுத்த கடை பத்தடி தூரத்தில்தான் இருக்கும். ஆயினும் வருகிறவர்களில் பலர் முதல் கடையிலேயே வாங்கிவிடுவர் என்பது கட்டட உரிமையாளருக்கும் தெரியும், கடைக்காரருக்கும் தெரியும்.

தரமா, பழக்கமா?

"கூகுள் நன்றாக இருக்கிறது, அதனால் பயன்படுத்துகிறோம், இதில் என்ன குறை?" என்று சிலர் கேட்கலாம். இதில் உண்மை இருக்கிறது. அதை மறுப்பது நீதியாகாது.

2014 இறுதியில் ஃபயர்ஃபாக்ஸ் உலாவியை உருவாக்கும் மொஸில்லா, அமெரிக்காவில் தன் முன்னமைவை கூகுளிலிருந்து யாஹூவிற்கு மாற்றியது. பயனர்களில் கணிசமானோர் தாங்களே கூகுளுக்குத் திரும்பிவிட்டனர். 2017இல் மொஸில்லாவும் அந்த ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டு கூகுளுக்கே திரும்பியது. 2021இல் ஐரோப்பிய நீதிமன்றத்தில் வாதிட்ட கூகுளின் வழக்கறிஞர், பிங்கில் மிக அதிகமாகத் தேடப்படும் சொல்லே 'கூகுள்' என்பதுதான் என்றார். ஆகவே, மனிதர்கள் முன்னமைவின் அடிமைகள் என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிட முடியாது. உண்மையிலேயே அதிருப்தி ஏற்பட்டால் ஒரு பகுதியினர் மாறத்தான் செய்கின்றனர்.

ஆனால் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். மேற்கூறிய அமெரிக்கத் தீர்ப்பிலேயே ஒரு குறிப்பு உள்ளது. பிங் முன்னமைவாக உள்ள எட்ஜ் உலாவியில் நடக்கும் தேடல்களில் சுமார் 80 விழுக்காடு பிங்கிலேயே நடக்கின்றன. ஏனைய இடங்களில் மக்களிடம் பெரிதாக எடுபடாத அதே பிங்தான் அங்கே ஐந்தில் நான்கு பங்கைப் பெறுகிறது. அங்கே இருப்பவர்கள் அனைவரும் ஒப்பிட்டுப் பார்த்து பிங்கை விரும்பியவர்களா? பெரும்பாலோர் இருந்த இடத்திலேயே இருந்துவிட்டவர்கள் என்று கொள்வதே பொருத்தமாகத் தோன்றுகிறது.

இந்த ஆற்றலை கூகுளும் நன்கு அறிந்தே இருந்தது. 2006இல் மைக்ரோசாஃப்ட் தன் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 7 உலாவியில் தனது தேடலை முன்னமைவாக வைக்க முற்பட்டபோது, அது நியாயமற்றது என்று ஆட்சேபம் எழுப்பிய நிறுவனம் கூகுள்தான். பிறர் கையில் இருந்தபோது அநீதியாகத் தெரிந்த ஒன்று, பின்னர் தன் கையில் வந்தபோது வணிக உத்தியாகிவிட்டது.

நாம் ஏன் மாறுவதில்லை?

முதற் காரணம் கவனமின்மை. தேர்வு என்ற ஒன்று இருப்பதே நம்மில் பலருக்குத் தெரியாது. 'கூகுள் பண்ணிப் பார்' என்ற சொல்லே தேடுவதற்குரிய சொல்லாகிவிட்டது. ஒரு பொருளின் பெயரே செயலின் பெயராகிவிட்டால், வேறொன்றை நினைப்பதற்கு மனத்தில் இடம் இருப்பதில்லை.

இரண்டாவது காரணம் சிறு சிரமம். மாற்றுவதற்கான இடம் செட்டிங்ஸின் உள்ளே இருக்கிறது. மாற்றாமல் இருந்தாலும் இன்றைய வேலை நடந்துவிடுகிறது. எனவே மாற்றும் வேலை நாளைக்குத் தள்ளிப்போகிறது. அந்த நாளை வருவதே இல்லை.

மூன்றாவது, முன்னமைவை நாம் ஒரு பரிந்துரையாக எடுத்துக்கொள்கிறோம். 'விவரம் தெரிந்தவர்கள் வைத்ததுதானே, நல்லதாகத்தான் இருக்கும்' என்று மனம் சொல்கிறது. வைத்தவர் அதற்குப் பணம் பெற்றுக்கொண்டு வைத்தார் என்பது நமக்குத் தெரிவதில்லை.

நான்காவது, இழப்பைப் பற்றிய அச்சம். மாறினால் ஏதேனும் கெட்டுவிடுமோ, படங்கள் அழிந்துவிடுமோ என்று பெரியவர்கள் தயங்குகின்றனர். தேடுபொறியை மாற்றுவதால் எதுவும் அழிவதில்லை. பிடிக்கவில்லையெனில் அடுத்த நிமிடமே பழையதற்குத் திரும்பலாம்.

இந்த மனப்போக்கு தேடுபொறிக்கு மட்டும் உரியதன்று. இருக்கும் நிலையையே பற்றிக்கொள்ளும் இத்தன்மையை வில்லியம் சாமுவெல்சன், ரிச்சர்ட் செக்ஹவுசர் ஆகிய இரு பொருளியல் அறிஞர்கள் 1988இல் ஆராய்ந்து எழுதினர். 2001இல் பிரிஜிட் மேட்ரியன், டென்னிஸ் ஷே ஆகியோர் ஓர் அமெரிக்க நிறுவனத்தின் ஓய்வுக்காலச் சேமிப்புத் திட்டத்தை ஆராய்ந்தனர். ஊழியர்கள் தாமாக விண்ணப்பித்துச் சேர வேண்டியிருந்தபோது ஏறத்தாழப் பாதிப்பேரே சேர்ந்திருந்தனர். விலகுவதற்கு மட்டுமே விண்ணப்பம் வேண்டும் என்று முறை மாறியபின் 86 விழுக்காட்டினர் திட்டத்தில் இருந்தனர். திட்டம் ஒன்றுதான். மாறியது முன்னமைவு மட்டுமே. சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் நிறுவனம் குறித்துவைத்த சேமிப்பு விகிதத்தைக்கூட மாற்றவில்லை. தம் சொந்த முதுமைக்கான பணத்திலேயே மனிதன் இவ்வாறு நடந்துகொள்கிறான் என்றால், ஒரு தேடல் பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

இஸ்திஸ்ஹாப் கற்பிக்கும் பாடம்

மார்க்கக் கல்வி பயின்றவர்களுக்கு இவ்விடத்தில் உஸூலுல் ஃபிக்ஹின் ஒரு விதி நினைவுக்கு வரும். இஸ்திஸ்ஹாப் என்பது அது. ஏற்கெனவே உறுதியான ஒரு நிலை, அது மாறியதற்கு ஆதாரம் கிடைக்கும்வரை தொடர்வதாகக் கொள்ளப்படும். உளூச் செய்தவருக்குப் பின்னர் அது முறிந்ததா என்ற வெறும் ஐயம் ஏற்பட்டால், அவர் உளூவுடனேயே இருக்கிறார் என்று ஷாஃபிஈ, ஹனஃபி மத்ஹபுகள் கூறுகின்றன. உறுதி, ஐயத்தால் நீங்காது.

ஆகவே, இருக்கும் நிலையில் தொடர்வது தன்னளவில் பிழையன்று. மார்க்கமே அதற்கு இடமளிக்கிறது. ஆனால் இதே விதியில் நாம் கவனிக்கத் தவறும் ஒரு நிபந்தனை இருக்கிறது. இஸ்திஸ்ஹாப் என்பது அறிஞர்கள் கடைசியாகக் கையாளும் சான்று. ஒரு முஜ்தஹித் முதலில் ஆதாரங்களைத் தேடிப் பார்க்கிறார். நிலையை மாற்றும் ஆதாரம் எதுவும் கிடைக்காதபோதுதான் பழைய நிலை தொடர்கிறது என்று கூறுகிறார். தேடிய பின் தொடர்வது ஆய்வு. தேடாமலே தொடர்வது வெறும் பழக்கம். வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். உள்ளே இரண்டுக்கும் நெடுந்தூரம். முன்னோரைக் காரணம் காட்டிச் சிந்திக்க மறுத்தோரைத் திருக்குர்ஆன் பல இடங்களில் கண்டிப்பதையும் நாம் ஓதுகிறோம். அங்கே கண்டிக்கப்படுவது சிந்திக்க மறுக்கும் மனநிலை. நன்மையை அறிந்து, அதில் நிலைத்திருப்பது அக்கண்டனத்தில் சேராது.

அரசுகள் திறந்த சன்னல்

இந்நிலையை மாற்ற அரசுகள் முயலாமல் இல்லை. 2018 ஜூலையில் ஐரோப்பிய ஆணையம், ஆண்ட்ராய்டு தொடர்பான நடைமுறைகளுக்காக கூகுளுக்கு 434 கோடி யூரோ அபராதம் விதித்தது. 2022இல் நீதிமன்றம் அதைச் சற்றுக் குறைத்து 412.5 கோடியாக்கியது. அதன் விளைவாக ஐரோப்பாவில் புதிய கைப்பேசியைத் தொடங்கும்போதே 'எந்தத் தேடுபொறி வேண்டும்?' என்று கேட்கும் தெரிவுத் திரை வந்தது. நம் நாட்டிலும் இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்து, கைப்பேசியைத் தொடங்கும்போதே பயனர் தேடுபொறியைத் தெரிவு செய்ய வழிசெய்ய வேண்டும் என ஆணையிட்டது. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2023 மார்ச்சில் அந்த அபராதத்தை உறுதி செய்தது.

சன்னலைத் திறந்துவிட்டால் மட்டும் போதுமா? 2025இல் வெளியான ஓர் ஆய்வு சிந்திக்கத்தக்கது. பொருளியல் அறிஞர் ஹன்ட் ஆல்காட்டும் அவருடைய குழுவினரும் அமெரிக்கப் பயனர்களிடம் ஒரு பரிசோதனை நடத்தினர். கூகுள் பயனர்களை ஒரு தேடுபொறியைத் தெரிவு செய்யுமாறு கேட்டபோது பிங்கின் பங்கு வெறும் 1.1 புள்ளிகளே உயர்ந்தது. பெரும்பாலோர் கூகுளையே மீண்டும் தெரிவு செய்தனர். ஆனால் பணம் கொடுத்து இரண்டு வாரம் பிங்கைப் பயன்படுத்தச் செய்தபோது, பிங்கைப் பற்றிய அவர்களின் மதிப்பீடு உயர்ந்தது. 33 விழுக்காட்டினர் அதிலேயே தொடர விரும்பினர்.

இதன் பாடம் தெளிவானது. அறிந்திராத ஒன்றைத் தெரிவு செய்யச் சொன்னால் மனிதன் அறிந்ததையே தெரிவு செய்வான். பழகிப் பார்த்த பிறகே அவனுக்கு உண்மையான தெரிவு கிடைக்கிறது. சட்டம் கேள்வியைக் கேட்கலாம். பழகிப் பார்க்கும் வேலையை நாமேதான் செய்ய வேண்டும்.

நமக்கு இதில் என்ன?

'எந்தத் தேடுபொறியாக இருந்தால் என்ன, விடை கிடைத்தால் போதாதா?' என்று எண்ணுவோருக்கு இரண்டு செய்திகளைச் சொல்ல விரும்புகிறோம்.

ஒன்று, நம் வீட்டின் இரகசியங்கள். அண்டை வீட்டாரிடம் சொல்லாததை, சில வேளைகளில் பெற்ற தாயிடமும் சொல்லாததை, நாம் தேடல் பெட்டியில் எழுதுகிறோம். நோயின் பெயர், கடன் தொல்லை, குழந்தைப்பேறு தள்ளிப்போகும் கவலை, கணவன் மனைவி பிணக்கு, தலாக், குல்உ பற்றிய கேள்விகள் எல்லாம் அங்கே செல்கின்றன. இலவசமாகத் தெரியும் இச்சேவைகளின் வருவாய் பெரும்பாலும் விளம்பரத்திலிருந்து வருகிறது. 2008இல் தொடங்கப்பட்ட டக்டக்கோ போன்ற தேடுபொறிகள், ஒருவரின் தேடல்களைத் தொகுத்து அவரைப் பின்தொடர்வதில்லை என்பதையே தம் கொள்கையாக அறிவித்துள்ளன. மறைக்க வேண்டியதை மறைப்பதும், குடும்பத்தின் மானத்தைக் காப்பதும் நம் மார்க்கத்தில் அமானத். அந்த அமானத்தை யாரிடம் ஒப்படைக்கிறோம் என்று அறிந்து ஒப்படைப்பது நம் பொறுப்பு.

மற்றொன்று, இதைவிடப் பெரியது. முன்னமைவு தேடுபொறியோடு நிற்பதில்லை. அது காட்டும் முதல் விடையும் நமக்கு ஒரு முன்னமைவாகிவிடுகிறது. ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். பெண்கள் அணியும் தங்க நகைக்கு ஸகாத் உண்டா என்று ஒரு சகோதரி தேடுகிறார். ஹனஃபி மத்ஹபில் நிஸாபை அடைந்தால் அதற்கு ஸகாத் கடமை. ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான கூற்றுப்படி, அனுமதிக்கப்பட்ட, வழக்கமாக அணியும் நகைக்கு ஸகாத் இல்லை. இரண்டுமே பெரும் இமாம்களின் ஆய்வில் விளைந்தவை. நம் தமிழகத்தில் இரு மத்ஹபினரும் அடுத்தடுத்த தெருக்களில் வாழ்கின்றனர். தேடும் சகோதரி யார், அவர் எந்த மத்ஹபைப் பின்பற்றுகிறார், அவருடைய நகை அணிவதற்கா சேமிப்பிற்கா என்பதைத் தேடுபொறி கேட்பதில்லை. அது ஒரு விடையை மேலே வைக்கிறது. அவர் அதைப் படித்துவிட்டுக் கைப்பேசியைக் கீழே வைத்துவிடுகிறார். ஓர் ஏழையின் உரிமை கொடுக்கப்படுகிறதா இல்லையா என்பது, எந்தப் பக்கம் முதலில் வந்தது என்பதைப் பொறுத்ததாகிவிடுகிறது.

இப்போது செயற்கை நுண்ணறிவு எழுதும் சுருக்க விடை பக்கத்தின் உச்சியிலேயே வந்துவிடுவதால், இரண்டாவது விடையைக் காணும் பழக்கமும் குறைந்து வருகிறது. 2025 செப்டம்பரில் அதே அமெரிக்க நீதிமன்றம், தேடலுக்கு மட்டுமின்றி கூகுளின் ஜெமினி செயலிக்கும் பிறரைத் தவிர்க்கும் தனியுரிமை ஒப்பந்தங்களைத் தடை செய்தது. ஆனால் முன்னமைவுக்காகப் பணம் கொடுப்பதை முற்றிலும் தடுக்கவில்லை. அதாவது, நாளைய கேள்விகளின் முதல் வாசலுக்கான போட்டி இன்றே தொடங்கிவிட்டது. நம் பிள்ளைகள் அந்த வாசலில்தான் வளரப்போகின்றனர்.

செய்ய வேண்டியவை

கூகுளைக் கைவிடுங்கள் என்பது நம் கருத்தன்று. தமிழில் தேடுவோருக்கு இன்றளவும் அது கூடுதலாகப் பயன்படுவதாகவே நமக்குத் தோன்றுகிறது. அறிந்து தெரிவு செய்யுங்கள் என்பதே நம் வேண்டுகோள். அதற்கு ஓர் எளிய வழியைக் கூறுகிறோம்.

விடுமுறை நாளொன்றில் இஷாவுக்குப் பின் குடும்பத்தினர் ஒன்றாக அமருங்கள். ஒவ்வொருவரின் கைப்பேசியிலும் எந்தத் தேடுபொறி உள்ளது என்று பாருங்கள். குரோம் உலாவியில் மேலே உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டு, செட்டிங்ஸ் பகுதிக்குள் சென்றால் தேடுபொறிக்கான இடம் இருக்கும். ஐபோனில் சஃபாரிக்குரிய செட்டிங்ஸில் கூகுள், யாஹூ, பிங், டக்டக்கோ, ஈகோசியா ஆகியவை வரிசையாக இருக்கும். வேறொன்றை வைத்து இரண்டு வாரம் பயன்படுத்திப் பாருங்கள். தமிழில் சில கேள்விகளையும் ஆங்கிலத்தில் சில கேள்விகளையும் இரண்டிலும் தேடி ஒப்பிடுங்கள். இரண்டு வாரத்திற்குப் பின் பழையதே நல்லது என்று தோன்றினால் தாராளமாகத் திரும்புங்கள். அப்போது அது உங்கள் தெரிவாக இருக்கும். நோய், குடும்ப விவகாரம் போன்றவற்றுக்கு ஒன்றையும் ஏனையவற்றுக்கு மற்றொன்றையும் வைத்துக்கொள்வதிலும் தவறில்லை. பிள்ளைகளின் கைப்பேசியில் தகாதவற்றை வடிகட்டும் பாதுகாப்புத் தேடல் அமைப்பு இயங்குகிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

மார்க்கச் சட்டங்களைப் பொறுத்தவரை நம் வீடுகளின் முன்னமைவு தேடுபொறியாக இருக்கக் கூடாது. மஹல்லாவின் இமாமோ, ஊரின் மத்ரஸா உஸ்தாதோ, நம்பிக்கைக்குரிய ஆலிமோ அந்த இடத்தில் இருக்கட்டும். அவர் நம் குடும்பத்தை அறிந்தவர். விடை சொல்வதற்கு முன் நம்மிடம் இரண்டு கேள்விகள் கேட்பவர். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லும் அச்சம் உடையவர். தேடலில் கிடைத்ததை அவரிடம் கொண்டுபோய்க் காட்டிக் கேட்பதில் குறையொன்றும் இல்லை. ஆலிம்களும் அவ்வாறு வருவோரைக் கடிந்துகொள்ளாமல் வரவேற்க வேண்டும். கேள்வி கேட்டதற்காக ஓர் இளைஞன் பள்ளிவாசலில் அவமதிக்கப்பட்டால், அடுத்த முறை அவன் கைப்பேசியிடம்தான் போவான். அவனை அங்கே அனுப்பிய பொறுப்பில் நமக்கும் பங்குண்டு.

வழக்கத்தையும் வணக்கத்தையும் பிரித்துக் காட்டுவது நிய்யத் என்று நம் இமாம்கள் கற்பித்துள்ளனர். இருவர் ஒரே செயலைச் செய்யலாம். எண்ணத்துடன் செய்தவருக்கே கூலி. ஒரு தேடலும் அப்படித்தான். எதைத் தேடுகிறோம், எதன் வழியே தேடுகிறோம், கிடைத்ததை யாரிடம் உறுதி செய்கிறோம் என்ற மூன்றிலும் எண்ணம் இருந்தால், கைப்பேசியில் கழியும் அந்தச் சில நிமிடங்களும் இன்ஷா அல்லாஹ் இல்மைத் தேடிய நேரமாக எழுதப்படலாம். பயனுள்ள கல்வியையும், அதைத் தேடும் வழியில் விழிப்பையும் அல்லாஹ் நம் அனைவருக்கும் வழங்குவானாக. ஆமீன்.